விட்ட பாடு

அந்தக் கப்பல் சீக்கிரம் முடிந்துவிடக் கூடாது என்பதில் சகாதேவன் அண்ணன் கவனமாக இருந்தார். அது முடிந்தால் மகள் வருவதும் நின்றுவிடுமோ என்று அவருக்குப் பயம். வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் விரல் நுனி அளவு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றை எடுத்து உப்புத்தாளில் தேய்ப்பார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், மறுபடி தேய்ப்பார். சுற்றி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் பொறுமையிழந்து கத்துவார்கள்.

"போதும் மாமா, தேஞ்சே பூடப்போவுது!"

"இன்னும் சொரசொரன்னு கீதுடா."

தொட்டுப் பார்த்தால் வழவழவென்று இருக்கும்.

எங்கள் குப்பம் பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிற மணல் திட்டில் இருக்கிறது. சகாதேவன் அண்ணனும் எல்லாரையும் போல ஏரியில் இறால் வலை கட்டுகிறவர்தான். நடுவில் சில வருடங்கள் சிங்கப்பூரில் கப்பல் கட்டும் யார்டு ஒன்றில் பெயின்ட் அடித்தார். அங்கே கயிற்றில் தொங்கிக்கொண்டு அவர் பார்த்ததெல்லாம் முகத்துக்கு முன்னால் நிற்கிற இரும்புச் சுவர் மட்டும்தான். அத்தனை கப்பலுக்குப் பெயின்ட் அடித்தும் ஒரு கப்பலைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை. ஒரு விடுமுறை நாளில் கடைக் கண்ணாடிக்குப் பின்னால், முழங்கை நீளத்தில், நங்கூரம் முதல் கொடிக்கம்பம் வரை ஒரு முழுக் கப்பலைப் பார்த்தார். பெட்டிக்குள் துண்டு துண்டாக வரும், நாமே வெட்டி ஒட்டி, வர்ணம் பூசிக்கொள்ள வேண்டும் என்றார்கள். அன்றைக்குப் பிடித்தது அந்தப் பைத்தியம்.

ஊர் திரும்பும்போது மற்றவர்கள் நகையும் டிவியும் கொண்டு வந்தார்கள். இவர் பெட்டி பெட்டியாகப் பிளாஸ்டிக் கொண்டு வந்தார். "சிங்கப்பூருக்குப் போயி பொம்ம ஒட்டக் கத்துக்கினு வந்துகீறான்" என்று ஊரே சிரித்தது. அவர் மனைவி கீதாவும் அப்போது சிரித்தாள். அவளுக்கு அது கோபமாக மாறியது பிறகுதான், அதுவும் வேறு காரணத்தால்.

அந்தக் காரணத்தைச் சொல்ல, பாடு என்றால் என்ன என்று முதலில் சொல்லியாக வேண்டும். ஏரியில் இறால் வலை கட்ட நல்ல இடங்கள் கொஞ்சம்தான் உண்டு. எல்லாரும் ஒரே நாளில் போனால் அடிதடிதான். அதனால் எந்த இடத்தில் என்றைக்கு யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. உங்கள் பாடு வருகிற நாளில் நீங்கள் போகவில்லை என்றால், காய்ச்சலோ கல்யாணமோ, போனது போனதுதான். அந்த இடம் அடுத்த முறைக்காரனுக்குப் போய்விடும். வெளியூர்க்காரனுக்குப் பாடு கிடையாது. நான் படித்த கல்லூரியில் ஒரு கருத்தரங்குக்கு வந்தவர் இந்த முறையை அவ்வளவு பாராட்டினார். அன்றைக்கு முழுவதும் எனக்குத் தலை நிமிர்ந்தே இருந்தது.

கீதாவுக்கு ஊர் ஏரிக்கு மேற்கே, ஆரம்பாக்கம் பக்கம். அவள் தம்பி தீனா வேலையில்லாமல் திரிந்த சமயம், ஒரு பருவத்துக்கு மட்டும் எங்கள் இடத்தில் வலை கட்டிக்கொள்ளட்டும் என்று கீதா வீட்டார் ஊர்க் கூட்டத்தில் கேட்டார்கள். பெரியவர்கள் சகாதேவன் அண்ணனைப் பார்த்து, "ஒன் மச்சாந்தானே, நீயே சொல்லு" என்றார்கள். இவர் எழுந்து நின்று, "வெளியூர் ஆளுக்கு ஏதுங்க பாடு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். தீனா அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.

"நீ வாய மூடிகினு இருந்திருந்தாக்கூட எனக்கு ஆறியிருக்கும். ஒன்ன யாரு எழுந்து நின்னு சொல்லச் சொன்னது?" என்று கீதா கேட்டது எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. அவர்கள் பிரிந்ததற்கு அது ஒன்றுதான் காரணம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அவள் கேட்ட கேள்வி எனக்கு ஞாபகம் இருக்கிறது.

கீதா மகளைக் கூட்டிக்கொண்டு பொன்னேரிக்குப் போய், ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். மகள் தேவதர்ஷினியை அங்கேயே பள்ளியில் போட்டாள். கோர்ட்டில் பேசி, ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் அப்பாவிடம் வந்து போகலாம் என்று முடிவானது. வரலாம் என்றுதான் சொன்னார்களே தவிர, வந்தே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பிள்ளைக்கு விருப்பம் இருந்தால் வரும்.

அதற்குள் ஊர்ப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமையானால் சகாதேவன் அண்ணனைத் தேடி வரப் பழகியிருந்தார்கள். வலை பின்னும் கூடத்தில் பாயை விரித்து, பழைய கதவொன்றை மேசையாகப் போட்டு, சின்னச் சின்ன விமானங்களையும் லாரிகளையும் அவர்களோடு சேர்ந்து ஒட்டுவார். துண்டுகள் எல்லாம் ஒரு நடுத்தண்டில் வரிசையாக ஒட்டிக்கொண்டு வரும். பிள்ளைகள் அதற்கு முள்ளு என்று பெயர் வைத்திருந்தார்கள். பார்த்தால் அப்படியே மீன் முள் மாதிரிதான் இருக்கும். எந்தத் துண்டை யார் வெட்டுவது, யார் ஒட்டுவது என்று வாராவாரம் சண்டை. ஒரு நாள் லோகேஷ்தான் யோசனை சொன்னான். அவனுக்கு அப்போது ஆறாம் வகுப்பு, பேச்சு மட்டும் ஊர்த் தலைவர் மாதிரி.

"சீட்டு போடு மாமா. அவனவன் பாடு அவனவனுக்கு. பேஜாரே இல்ல."

"பொம்பளப் புள்ளைங்களுக்கு?" என்று கேட்டாள் ருக்கு. அவளும் அவன் வகுப்புதான். "எங்க வூட்ல அம்மாவுக்குப் பாடு இல்ல, நைனாவுக்குத்தான் கீது."

"இந்தக் கூடத்துல பொம்பளைக்கும் பாடு உண்டு" என்றார் சகாதேவன் அண்ணன். ருக்கு லோகேஷைப் பார்த்து நாக்கை நீட்டினாள்.

தர்ஷினி முதல் சில ஞாயிறுகளில் வந்து, அப்பா எதிரில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. சாப்பிட்டியா, படிக்கிறியா, அம்மா நல்லாக்கீதா. அதோடு தீர்ந்தது. நான் போட்டித் தேர்வுக்குப் படிக்கக் கூடத்துக்கு வருவேன், அங்கேதான் காற்று வரும். அவர் என்னைப் பார்த்து, "மாலா, நீ எதுனா பேசும்மா அவ கைல" என்பார். அப்புறம் ஒரு வாரம், பரணிலிருந்து அந்தக் கப்பல் இருந்த பெரிய பெட்டியை இறக்கிக் கொண்டு வந்தார். சிங்கப்பூரிலிருந்து வந்த நாளாகப் பிரிக்காமல் வைத்திருந்தது. ஜப்பான்காரர்கள் சூரை மீன் பிடிக்கிற படகு. பக்கவாட்டில் வரிசையாக நின்று தூண்டில் போடுகிற மனிதர்கள்கூடத் தனித்தனியாக இருந்தார்கள், அரிசி அளவு முகத்தோடு.

தர்ஷினி முதல் முறையாக மேசைக்குப் பக்கத்தில் வந்து மண்டியிட்டாள்.

"இது எப்ப நைனா முடியும்?"

"ஒரு வருசம் ஆவும். மேலயும் ஆவும். நீ வந்தாத்தான் ஆவும்."

அதற்குப் பிறகு அவள் தவறாமல் வந்தாள். பழவேற்காடு பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதே ஓடி வருவாள். ஏரிப் பாலத்தில் அப்பாவின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து அந்த வாரம் என்ன துண்டு என்று கேட்டுக்கொண்டே வருவாளாம். சீட்டுப் போடும்போது அவள் பெயரும் மற்றவர்கள் பெயரோடு டப்பாவுக்குள் போகும். சகாதேவன் அண்ணன், மகள் என்பதற்காக ஒரு துண்டுகூட அதிகமாகத் தரமாட்டார். அதில் அவளுக்கும் ஒரு பெருமை இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். ருக்கு அம்மை போட்டு வராத வாரத்தில் அவளுடைய பாடு தர்ஷினிக்கு வந்தது. ருக்கு வந்து அழுதபோது, "விட்ட பாடு விட்டதுதான்டி" என்று தர்ஷினி பெரிய மனுஷி மாதிரி சொன்னாள்.

படகின் கேபின் அவள் சீட்டில் விழுந்தபோது கூடமே அதிர்ந்தது. மேலே, நட்ட நடுவில், கண்ணாடி ஜன்னல்களோடு இருக்கிற அறை. உள்ளே சக்கரம் பிடித்துக்கொண்டு ஒரு ஆள். எல்லாருக்கும் அதன்மேல்தான் கண். அந்த ஞாயிறு வேறு வேலை முடியாததால், கேபின் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போனது. அடுத்த வாரம் அவள் அம்மா வழியில் ஒரு கல்யாணம். தர்ஷினி வரவில்லை.

சீட்டுப்படி அடுத்த பெயர் லோகேஷ். சகாதேவன் அண்ணன் இரண்டு தரம் "இருடா, இன்னும் தேய்க்கணும்" என்று தள்ளிப் பார்த்தார். லோகேஷ் விடவில்லை. "நைனாவுக்கு ஜுரம் வந்தப்ப எங்க பாடு போச்சே மாமா, யாருனா நிறுத்தி வெச்சாங்களா?" என்று கேட்டான். சகாதேவன் அண்ணன் துண்டை எடுத்துக் கொடுத்தார். அவன் கேபினை அழகாகவே ஒட்டினான்.

அதற்கு அடுத்த ஞாயிறு தர்ஷினி வந்தபோது அவள் கையில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் கவர் இருந்தது. அம்மா கடையில் வெட்டி மிஞ்சிய நீலத் துணி. அதை விரல் அகலத்துக்கு வெட்டி, ஓரம் மடித்துத் தைத்துக்கூட வைத்திருந்தாள்.

"கேபினுக்கு ஸ்க்ரீன் நைனா. உள்ளார இருக்கறவருக்கு வெயில் அடிக்கும்ல."

பிள்ளைகள் லோகேஷைப் பார்த்தார்கள். அவள் மேசையைப் பார்த்தாள். கேபின் படகின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. ஜன்னல்களுக்குக் கண்ணாடி போட்டாகிவிட்டது. இந்தப் பிளாஸ்டிக்குக்கான பசை வெறுமனே ஒட்டவைப்பதில்லை, இரண்டு துண்டையும் உருக்கி ஒன்றாக்கிவிடும். பிரித்தால் உடையும். அது அவளுக்கும் தெரியும்.

"என் பாடு இல்ல அது?"

"நீ வர்ல. வுட்டுட்ட. எனக்கு வந்திச்சு" என்றான் லோகேஷ்.

"கல்யாணம்டா. வேணும்னா வராம இருந்தேன்?"

"கல்யாணமோ கருமாதியோ. நீயே சொன்னியே ருக்கு கைல."

அவள் முகம் சிவந்துவிட்டது. "எங்க நைனா கொணாந்த கப்பல் இது!"

லோகேஷுக்கும் ரோஷம் வந்துவிட்டது. பெரியவர்கள் பேசிக் கேட்டதை அப்படியே சொன்னான்.

"உனக்கு ஏது பாடு? நீ பொன்னேரி. வெளியூரு."

தர்ஷினி அவனைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள். நானும் அவரைத்தான் பார்த்தேன். அவர் கையில் ஏதோ ஒரு துண்டு இருந்தது. குனிந்து அதைத் தேய்த்துக்கொண்டிருந்தார். உப்புத்தாளின் சத்தம் மட்டும் கேட்டது. ஏதாவது சொல்வார் என்று நாங்கள் எல்லாரும், லோகேஷ் உட்பட, காத்திருந்தோம். அவர் நிமிரவே இல்லை.

அன்றைக்கு அவள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. துணியை மடித்துக் கவரில் போட்டுக்கொண்டாள். சாயங்காலம் வழக்கம்போல அப்பா பஸ் ஏற்றிவிட்டார்.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கு அடுத்ததும் வரவில்லை. கேட்டால் டியூஷன் என்று பதில் வந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் சகாதேவன் அண்ணன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். "மாலா, பொன்னேரி வரிக்கும் வரியாம்மா? நீ இருந்தா அவ பேசுவா" என்றார்.

டியூஷன் சென்டருக்கு எதிரில் இருந்த பேக்கரியில் உட்கார்ந்தோம். தர்ஷினி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"இன்னாக்கா, வெயிட் போட்டுட்ட?"

"ஒக்காந்து ஒக்காந்து படிக்கிறேன்ல."

பப்ஸ் வந்தது. அவள் ஓரத்தை மட்டும் பிய்த்துச் சாப்பிட்டாள். சகாதேவன் அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கேபினு மட்டும் தனியா வருதான்னு பாத்துனு கீறேன்மா. இல்லன்னா இதே மாரி இன்னொரு பெட்டி வாங்கலாம். நீயே மொத்தத்தயும் ஒட்டு. சீட்டு கீட்டு ஒண்ணும் வாணாம்."

"கேபினுக்காக இல்ல நைனா."

"பின்ன?"

"அது விட்ட பாடுதான். எனக்குத் தெரியாதா? லோகேஷ் ஒட்டினது கரெக்ட்டுதான்." அவள் பப்ஸ் தூளை விரலால் ஓரமாகக் கூட்டினாள். "வெளியூருன்னான்ல. நீ தேச்சுகினே இருந்த."

அவர் தன் பப்ஸ் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

"இங்க ஸ்கூல்ல என்ன மீன்காரங்க ஊரு பொண்ணுன்றாங்க. டிபன் பாக்ஸ தொறந்தா மூக்கப் பொத்துறாங்க. சரி போங்கடி, எங்க ஊரு அதான்னு நெனச்சுக்குவேன். அங்க வந்தா வெளியூருன்றாங்க." அவள் குரலில் கோபம் இல்லை. கணக்கில் எங்கே தப்பு என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள். "நான் எந்த ஊரு நைனா?"

"நீ எம் பொண்ணும்மா."

"அது தெரியும் நைனா" என்றாள் தர்ஷினி.

எனக்கு எழுந்து வெளியே போய்விடலாம் போல இருந்தது. அந்தக் கேள்விக்குச் சரியான பதில் அது இல்லை என்று அங்கே இருந்த மூன்று பேருக்கும் தெரிந்தது. ஆனால் சரியான பதில் எது என்று கேட்டால் எனக்கும் தெரியாது. அது ஒரே ஒரு நாள், ஒரே ஒரு நொடி மட்டும் செல்லுபடியாகிற பதிலாக இருந்திருக்கலாம். கூடத்தில், லோகேஷின் முகத்தைப் பார்த்து, "இவ இந்த ஊருடா" என்று சொல்லியிருக்க வேண்டிய பதில்.

அவள் சைக்கிளில் ஏறும்போது, "நாளைக்கி வரியாம்மா?" என்று கேட்டார்.

"சொல்றேன் நைனா" என்றாள். பெரியவர்கள் வர முடியாத விசேஷத்துக்குச் சொல்கிற மாதிரி.

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். வயல்களைத் தாண்டி உப்புக் காற்று வர ஆரம்பித்த பிறகு, வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அன்னிக்கி கூட்டத்துல வாயத் தொறந்தேன், இவ அம்மா பூட்டா. வாயத் தொறந்தாதானே பேஜாருன்னு இந்தவாட்டி மூடிகினு இருந்தேன்."

டிக்கெட்டை மடித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

"பாடு போனதுக்குப் பேசாததுல தப்பில்ல, இல்லம்மா? முறை முறைதானே?"

"தப்பில்லண்ணா."

"அத்தோட நிறுத்திகினு, வெளியூருன்னதுக்குப் பேசியிருக்கணும். ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சிட்டேன்."

பாடு முறையை எல்லாரும் பாராட்டுகிறார்கள். நானும்தான். அடித்துக்கொள்ளாமல் வாழ எங்கள் ஆட்கள் கண்டுபிடித்தது அது. ஆனால் உள்ளே இருப்பவர்களுக்கு நியாயம் செய்யத் தெரிந்த அந்த முறைக்கு, வாசலில் நிற்கிற பிள்ளையை என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்தப் பிள்ளையை உள்ளே கூப்பிட ஒரு அப்பாதான் தேவைப்பட்டிருக்கிறார். இப்படி எழுதும்போது எனக்கே சந்தேகமாக இருக்கிறது. தீனாவுக்கு ஒரு நியாயம், தர்ஷினிக்கு ஒரு நியாயமா என்று யாராவது கேட்டால் நான் என்ன சொல்வேன்?

தர்ஷினி அதற்குப் பிறகு கூடத்துக்கு வரவில்லை. சகாதேவன் அண்ணன்தான் எப்போதாவது பொன்னேரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். படகு வேகமாக வளர்ந்தது. எதையும் இரண்டாம் தரம் தேய்க்க அவருக்குக் காரணமில்லை. பிள்ளைகளுக்கு ஒரே குஷி. அரிசி முகத்து மனிதர்கள் எல்லாரும் தூண்டிலோடு வரிசையில் நின்றார்கள். கொடிக்கம்பமும் ஏறியது.

பேர் எழுதுவது மட்டும் மிச்சம். எங்கள் பக்கம் படகுக்குப் பெண் பிள்ளைகள் பெயரைத்தான் பெரும்பாலும் வைப்பார்கள். அதனால் லோகேஷ் அதைக் கேட்டபோது அதில் கள்ளம் எதுவும் இல்லை. போன தடவை நடந்தது அவனுக்கு ஞாபகம் இருந்ததோ என்னவோ. ஞாபகம் இருந்து, அதனாலேயேகூடக் கேட்டிருக்கலாம்.

"தேவதர்ஷினின்னு எழுதலாமா மாமா?"

சகாதேவன் அண்ணன் மெல்லிய பிரஷ்ஷை வெள்ளை வர்ணத்தில் தோய்த்து வைத்திருந்தார். கை அப்படியே நின்றது.

"அவளக் கேட்டுட்டு எழுதலாம்டா."

கையில் வர்ணம் இருந்ததால், அவருடைய போனிலிருந்து அவளைக் கூப்பிடும்படி என்னிடம் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டு மேசை மேல் வைத்தேன். பிள்ளைகள் சத்தமில்லாமல் நெருங்கி உட்கார்ந்தார்கள். இரண்டாவது மணியில் அவளே எடுத்தாள்.

"இன்னா நைனா?"

"கப்பல் முடிஞ்சிச்சும்மா. ஒம் பேர எழுதலாமான்னு கேக்கறாங்க. லோகேஷ்தான் கேக்கறான்."

அந்தப் பக்கம் ஏதோ பஸ் ஹாரன் கேட்டது.

"வாணாம் நைனா."

"ஏம்மா?"

"அங்க யாருக்கும் என்னத் தெரியாதுல்ல. ஒங்க ஊரு பேரயே எழுதிடுங்க."

லோகேஷ் தலையைக் குனிந்துகொண்டான். ருக்கு அவன் தொடையில் கிள்ளினாள். சகாதேவன் அண்ணன் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிரஷ் நுனியில் வர்ணம் காய ஆரம்பித்திருந்தது.

"சரிம்மா" என்றார். பிறகு, அவள் வைத்துவிடப் போகிறாள் என்ற அவசரத்தில், "சாப்ட்டியா?" என்று கேட்டார்.

"ம். நீங்க?"

அவள் அவரை நீங்க என்று சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை.